எண் ஏற்புக் குழுவின் செவ்வாய்க்கிழமைகள்

எங்கள் கம்பெனியில் ஒரு எண்ணை அளப்பதற்கு நாலு நிமிடம் ஆகும். அதை ஏற்றுக்கொள்வதற்குப் பதினோரு நாள் ஆகும். இதில் தவறு ஒன்றும் இல்லை என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் சான்றிதழும் கொடுத்தார்கள். என்னிடம் அந்த மாதிரி முப்பத்தொரு சான்றிதழ் இருக்கிறது. என் மனைவி சம்சுன்னிசா அவற்றை அரிசி டின்னுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறாள்.

என் பெயர் அப்துல் அலீம். வயது ஐம்பத்திரண்டு. தென்முனை எனர்ஜி என்ற கம்பெனியின் சிங்கப்பூர் அலுவலகத்தில் வேலை. டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை, பன்னிரண்டாம் மாடி. எண்ணெய் தேடிக் கடலுக்கு நடுவே துளை போடுகிற கப்பலிலிருந்து எண்கள் வரும். அவற்றைக் கணினியில் ஏற்றுகிறவன் நான். ஏற்றுவது என்றால் தட்டிவிட்டுப் போய் டீ குடிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். வந்த எண்ணை 'வரவேற்பு' பக்கத்தில் போட வேண்டும். அங்கிருந்து 'பரிசீலனை' பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். பிறகு எண் ஏற்புக் குழு செவ்வாய்க்கிழமை கூடித் தலையாட்டினால்தான் அது எண். அதுவரைக்கும் அதற்குப் பெயர் 'விண்ணப்பம்'.

என்ன எண் என்று கேட்பீர்கள். துளை போடும்போது கடலடியிலிருந்து சேறு மேலே வரும். சேற்றோடு கொஞ்சம் வாயுவும் வரும். அந்த வாயுவை ஒரு பெட்டிக்குள் விட்டால், அதிலிருக்கும் கார்பனில் லேசானது எவ்வளவு, கனமானது எவ்வளவு என்று பெட்டி சொல்லிவிடும். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவுகல் ஒன்று உண்டு. அதைவிட எவ்வளவு லேசு என்பதை மைனஸ் போட்டு எழுதுவார்கள். சேற்றில் வாழ்கிற கிருமிகள் லேசான கார்பனைத்தான் விரும்பித் தின்னும். அதனால் கிருமி செய்த வாயு மைனஸ் அறுபது, எழுபது என்று இருக்கும். அது வந்தால் கீழே கிருமி இருக்கிறது என்று அர்த்தம், எண்ணெய் இருக்கிறது என்றல்ல. பூமிக்குள் லட்சக்கணக்கான வருஷம் வெந்து எண்ணெயோடு கூடப் பிறந்த வாயு என்றால் மைனஸ் நாற்பதுக்குப் பக்கத்தில் நிற்கும். இவ்வளவுதான் விஷயம். ரசத்தை மோந்து பார்த்து நேற்று வைத்ததா இன்று வைத்ததா என்று சொல்கிற மாதிரி.

கப்பலில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் உமைர். என் தங்கை ரபியாவின் கணவன். இந்தக் கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டவனே நான்தான். நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு என்பது பேச்சு. ஆனால் இந்தத் துளை ஆரம்பித்ததிலிருந்து ஒன்பது வாரமாக அவன் கடலிலேயே இருந்தான். அவனுக்கு மாற்றாகப் போக வேண்டிய ஆளை ஏப்ரல் மாதம் 'அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்'. வேலையை விட்டுத் தூக்கியதை எங்கள் கம்பெனியில் அப்படித்தான் சொல்ல வேண்டும். அதே ஏப்ரலில், நிலவியல் படித்த இரண்டு பேரையும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, பெட்டி சொல்கிற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் கம்பெனியில் மிச்சம் இரண்டே பேர். கடலில் உமைர், கரையில் நான். நான் ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன்.

துளையை மூடினால்தான் உமைர் வீட்டுக்கு வர முடியும். வீட்டில் ரபியா நிறைமாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதல் பிள்ளை. ஆங் மோ கியோவில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு, புக்கிட் மேராவில் எங்களோடு வந்து இருந்தாள். காலையில் நான் சப்பாத்து மாட்டும்போது கதவோரம் வந்து நிற்பாள்.

"காக்கா, இந்த வாரம் மூடிடுவாங்களா?"

"செவ்வாய்க்கிழமை மீட்டிங் இருக்கு."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"போன வாரமும் செவ்வாய்க்கிழமை இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

முதல் எண் வந்த நாளிலிருந்து சொல்கிறேன். மைனஸ் அறுபத்தெட்டு. சுத்தமான கிருமி வாயு. சுங்கை பூலோ சதுப்பில் குச்சியை விட்டுக் கிளறினாலும் கிட்டத்தட்ட இதேதான் வரும். கிணறு வெத்து, மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எண்ணைக் கட்டத்தில் போட்டேன். கட்டம் சிவந்தது. 'எதிர்பார்ப்புக்குப் புறம்பானது' என்று எழுத்து வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி சிவந்தது. கணினிப் பிரிவில் இருக்கும் ரக்ஷனாவைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரப் பெண், நல்ல மரியாதை தெரிந்தவள்.

"அண்ணே, அந்தக் கட்டத்துல மைனஸ் முப்பத்தஞ்சுலேருந்து அம்பதுக்குள்ளதான் போட முடியும்."

"வாயு அறுபத்தெட்டுன்னு சொல்லுதேம்மா."

"வாயு சொல்லலாம் லா. சிஸ்டம் அக்செப்ட் பண்ணாது. முப்பத்தஞ்சுலேருந்து அம்பதுன்னு போர்டே சைன் பண்ணிட்டாங்க, துளை போடுறதுக்கு முன்னாடியே."

"முன்னாடியே தெரியும்னா எதுக்கு அளக்கிறோம்?"

ரக்ஷனா நிஜமாகவே யோசித்தாள். "கன்ஃபர்ம் பண்றதுக்கு" என்றாள்.

எல்லைக்கு வெளியே இருக்கும் எண்ணுக்கு 'விலகல் அறிக்கை' என்று ஒரு படிவம் உண்டு, அதை நிரப்பினால் வழி பிறக்கும் என்று அவளே சொன்னாள். திறந்தேன். முதல் கேள்வி: விலகியவர் பெயர். வாயுவின் பெயர்தானே, மீத்தேன் என்று எழுதினேன். துறை: கடலடி. இதற்கு முன் எச்சரிக்கப்பட்டிருக்கிறாரா? இல்லை. விலகியவர் தன் செயலுக்கு வருந்துகிறாரா? தெரியவில்லை. கடைசியில் ஊழியர் எண் கேட்டது. ஊழியர் எண் இல்லாமல் படிவம் நகராது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு என்னுடைய ஊழியர் எண்ணைப் போட்டு அனுப்பினேன். மறுநாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது: நிர்ணயித்த எல்லைக்கு வெளியே நடந்துகொண்டதற்காகவும், அதற்கு வருந்துகிறேனா என்பது எனக்கே தெரியாமல் இருப்பதற்காகவும்.

கோபம் வர வேண்டிய இடம். எனக்குக் கொட்டாவிதான் வந்தது. இந்தக் கம்பெனியில் கழித்த பதினோரு வருஷத்தில் கோபம் இருந்த இடமெல்லாம் மரத்துப்போய்விட்டது. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால், யாரோ ஒருத்தர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும் அல்லவா, அப்படி.

செவ்வாய்க்கிழமை குழு கூடியது. குழுவில் நாலு பேர். வட்டாரத் தலைவர் ஞானசேகரன், பாதுகாப்பு அதிகாரி சுந்தரேசன், ரக்ஷனா, நான். நாலு பேரும் தமிழர்கள் என்பது தற்செயல், மற்ற இனத்தவர்களை அளவுக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டார்கள். குறிப்பு ஆங்கிலத்தில் எழுதுவோம், பேச்சு தமிழில் நடக்கும்.

எந்தக் கூட்டமும் 'பாதுகாப்புத் துளி' இல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது என்பது விதி. மூன்று நிமிடம் என்று விதியில் இருக்கிறது. சுந்தரேசன் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வார். அன்றைக்கு விஷயம், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குவது எப்படி. படங்கள் இருந்தன. வலது கை, இடது கை, இரண்டு கையிலும் காப்பி இருந்தால் என்ன செய்வது. அலுவலகத்தில் லிஃப்ட் மட்டும்தான் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. கடலில் வாரக்கணக்காகத் தூக்கம் கெட்டு ஒருவன் உட்கார்ந்திருப்பது பாதுகாப்புத் துளியில் வராதா என்று கேட்க நினைத்தேன். கைப்பிடி பற்றிய கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினேன்.

அதற்கப்புறம் ஞானசேகரன் திரையைப் பார்த்தார். நல்ல மனிதர். எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்குத் தெரியும். எங்கள் எண்களை ரக்ஷனா கம்பம் கம்பமாக வரைந்து காட்டியிருந்தாள். ஒவ்வொரு கம்பமும் பூஜ்யத்திலிருந்து கீழே தொங்கியது.

"எதுக்கு எல்லாம் கீழ தொங்குது?"

"மைனஸ் சார்" என்றாள் ரக்ஷனா.

"தலைமையகத்துல சேர்மன் இதப் பாத்தா என்ன நினைப்பார்? முப்பது வருஷமா மேல ஏறுற கம்பத்தையே பாத்து வந்தவர். வயசானவர். தொங்குறது அவருக்கு ஆகாது. மைனஸை எடுத்துட்டா?"

"மேல வரும் சார்."

"அப்ப எடுத்துடுங்க."

நான் கையைத் தூக்கினேன். "சார், மைனஸ்னா அளவுகல்லைவிட லேசுன்னு..."

"அலீம், இது வரைக்கும் பிளஸ்ல ஒரு எண்ணாவது வந்திருக்கா?"

"இல்ல சார்."

"எல்லாத்துக்கும் பொதுவா இருக்கிறத எதுக்குத் திரும்பத் திரும்ப எழுதணும்? எல்லாருக்கும் மூக்கு இருக்கு. ஒருத்தர் பேரை எழுதும்போது, மூக்கோட இருக்கார்னு எழுதுறோமா?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். இந்த வேலையில் அதுதான் கஷ்டம். இங்கே யாரும் முழு முட்டாள் இல்லை. ஆளுக்குக் கால் பங்குதான் முட்டாள், நாலு பேர் சேர்ந்து உட்காரும்போதுதான் கணக்கு நேராகிறது.

மைனஸ் போயிற்று. கட்டத்தின் எல்லையிலும் போயிற்று. முப்பத்தைந்திலிருந்து ஐம்பது என்பது இலக்கு ஆயிற்று, ஐம்பதைத் தாண்டினால் 'இலக்கை மிஞ்சியது' என்று பச்சை எரியும்படி ரக்ஷனா மாற்றிவைத்தாள். அறுபத்தெட்டைப் போட்டேன். பச்சை எரிந்தது. கணினியிலிருந்து கைதட்டுகிற சத்தம் வேறு. கிருமி வாயு, இலக்கைவிட முப்பத்தாறு சதவீதம் அதிகம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தால், சிராங்கூன் ரோட்டில் ஒரு பெரிய உணவகத்தில் எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு. சுவரில் '68' என்று தங்கக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வந்து இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானசேகரன் எழுந்து மேடைத் தமிழில் பேசினார்.

"நண்பர்களே, அறுபத்தெட்டு என்றால் என்னவென்று என்னிடம் பலர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தலைமை என்பது தெரிந்துகொள்வதல்ல. தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கிறார்கள் என்று நம்புவது. அந்தத் தெரிந்தவர்களில் பலரை ஏப்ரலில் கனத்த மனத்தோடு வழியனுப்பினோம். அப்படியும் அறுபத்தெட்டு வந்திருக்கிறது என்றால், அவர்கள் தேவைப்படவில்லை என்றுதானே பொருள்?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ரசம் ஊற்றிய கையால் தட்டினேன். உமைரை அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று அறிவித்தார்கள். அடுத்த இலக்கு எழுபது என்று அறிவித்தார்கள். இத்தனை நல்ல எண்ணைக் கொண்டுவந்தவரைக் கிணறு முடிகிறவரை மாற்றுவதில்லை என்றும் அறிவித்தார்கள்.

பாயசம் வரும்போது ஞானசேகரன் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், உமைர் என் தங்கச்சி மாப்பிள்ளை. தங்கச்சிக்கு மாசக் கடைசியில பிரசவம். ஒம்பது வருஷம் கழிச்சு..."

"தெரியும் அலீம். அவர் மனைவிக்குப் பூங்கொத்து அனுப்பச் சொல்லிட்டேன்." என் தோளைத் தட்டினார். "பிள்ளை எப்படியும் பொறந்துடும். அறுபத்தெட்டு எப்பவும் வராது."

அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். இது கிருமி வாயு, எண் பெரிதாகப் பெரிதாகக் கிணறு மோசம், மூடிவிடலாம் என்று பாமரனுக்கும் புரிகிற மாதிரி எழுதினேன். 'உங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது, செவ்வாய்க்கிழமை பேசலாம்' என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாகப் போட்டிருந்தார்கள். பாதுகாப்புத் துளி, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காருவது எப்படி. செய்து காட்டினார் சுந்தரேசன். நாலாவது விஷயத்தோடு கூட்டம் முடிந்தது. அடுத்த செவ்வாயும் அப்படியே. செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். இவர்கள் செவிடர்களும் இல்லை. ஊதுவதற்கு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்துக்கு முன்னால் எழுந்து போகிறவர்கள்.

வீட்டுக்கு வந்தால் ரபியா கம்பெனி இதழைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். உமைர் ஆரஞ்சு உடுப்பில் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற படம். முகம் மெலிந்திருந்தது.

"அவங்க படம் வந்திருக்கு காக்கா."

"ம்."

"அவங்க எப்ப வருவாங்க?"

மேஜையில் பூங்கொத்து இருந்தது. அதில் 'அறுபத்தெட்டுக்கு நன்றி' என்று அட்டை செருகியிருந்தது. சம்சுன்னிசா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை. மக்ரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். கப்பலிலிருந்து உமைர் கூப்பிட்டான். குரல் நடுங்கியது. ஏதோ விபரீதம் என்று நினைத்தேன்.

"மச்சான், நாப்பத்தொண்ணு!"

"என்ன?"

"மைனஸ் நாப்பத்தொண்ணு. மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். பெட்டியக் கழுவித் திரும்பவும் ஓட்டினேன். ஈத்தேனும் சேந்து வருது. மச்சான், இது கிருமி இல்ல. வெந்தது. கீழ எண்ணெய் இருக்கு."

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன். அவனே பேசினான். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு கடல் என்று பதினாலு வருஷமாக இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். கிருமியைத் தவிர அவன் ஒன்றையும் கண்டதில்லை. எண்ணெய்க் கப்பலில் வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கும் என்று முன்பு சொல்லியிருக்கிறான். இப்போது அழுதானா சிரித்தானா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நீங்க நாளைக்கு மீட்டிங்ல சொல்லிடுங்க மச்சான். இன்னும் மூணு வாரம் தோண்டினா நிச்சயமாத் தெரிஞ்சிடும். நான் இருந்துக்கிறேன்."

"ரபியா?"

"நான் பேசிட்டேன். ஒண்ணும் சொல்லல. சரின்னுதான் அர்த்தம்."

ஒன்றும் சொல்லாதவள் அந்த நேரம் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பாத்திரமும் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போய்க் குழாயை மூடினேன். திரும்பினாள். கண் வீங்கியிருந்தது.

"காக்கா, அவங்க இல்லாம என்னால முடியாது. எனக்குப் பயமா இருக்கு. அவங்ககிட்ட இத எப்படிச் சொல்றது? இவ்ளோ சந்தோஷமா அவங்க பேசி நான் கேட்டதே இல்ல."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார் என்று மட்டும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாற்பத்தொன்றை ஏற்றினேன். அறுபத்தெட்டுக்குப் பக்கத்தில் அது குட்டையாக நின்றது. கணினி ஒப்பாரி மாதிரி ஒரு சத்தம் போட்டது. ரக்ஷனா ஓடி வந்தாள்.

"அண்ணே, நாப்பது பெர்சென்ட் டிராப். இப்ப எப்படி?"

கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் கூட்டினார்கள். ஆனாலும் பாதுகாப்புத் துளி உண்டு. மீன் முள் தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது. சுந்தரேசன் அன்று கனிவோடு முப்பது நிமிடத்தில் முடித்துக்கொண்டார். ஞானசேகரனுக்கு முகம் வெளிறியிருந்தது. அவர் மேல் எனக்குப் பரிதாபம்கூட வந்தது.

"எழுபது இலக்கு. வந்தது நாப்பத்தொண்ணு. சேர்மன் இத நாளைக்குப் பாப்பார்."

"சார், போர்டு முதல்ல சைன் பண்ணினது முப்பத்தஞ்சுலேருந்து அம்பது" என்றாள் ரக்ஷனா. "அதுக்குள்ளதான் இருக்கு."

"அது பழைய இலக்கும்மா. அறுபத்தெட்டப் பாத்த கண்ணுக்கு நாப்பத்தொண்ணக் காட்ட முடியுமா?" மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவர் கேக்கிறதுக்கு முன்னாடி நாமளே மூடிட்டா அதுக்குப் பேரு முடிவெடுக்கிற திறன். கேட்டப்புறம் மூடினா அதுக்குப் பேரு தோல்வி. வித்தியாசம் ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் நம்ம கையில இருக்கு. மூடிடலாம்."

அவர் அவ்வளவு வேகமாக முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

மூடுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. எப்போதோ ஒரு விபத்துக்குப் பிறகு தலைமையகத்தில் யாரோ விவரம் தெரிந்த ஆள் எழுதிவைத்த விதி. கிணற்றை மூடும் முன் தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மறுப்பு உண்டா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு முப்பது விநாடி வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் இருக்கும் ஒரே புத்தியுள்ள சடங்கு அதுதான்.

சுந்தரேசனுக்கு மறுப்பு இல்லை. ரக்ஷனாவுக்கு மறுப்பு இல்லை.

"அலீம், எண்ல பிழை உண்டா?"

"இல்ல சார். மூணு தடவை அளந்திருக்கு."

"மூடுறதுல மறுப்பு உண்டா?"

ரக்ஷனா கைப்பேசியில் முப்பது விநாடி வைத்தாள். ஞானசேகரன் என்னையே பார்த்தார். பிறகு, காத்திருக்க வேண்டியவர், மெதுவாகச் சொன்னார்: "நீங்க பழைய லேப் ஆளு. எனக்கு இதெல்லாம் புரியாதுங்கிறது எனக்கே தெரியும். ஏதாவது இருந்தா சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

பதினோரு வருஷத்தில் அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த மனிதர் உண்மையாகத்தான் கேட்டார், முகத்தில் தெரிந்தது. சார், நாற்பத்தொன்றுதான் எண்ணெய். மூன்றே வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்து நின்றது. மேஜை மேல் என் கைப்பேசி ஒளிர்ந்தது. ரபியா அனுப்பியிருந்தாள்: 'காக்கா, இடுப்பு வலிக்குது. பிரசவம் இப்ப இல்ல, அடுத்த வாரம்தான்னு டாக்டர் சொல்றார். அவங்க வந்துடுவாங்கல்ல?'

இருபது விநாடி இருந்தது. பத்து இருந்தது. பயமோ துக்கமோ ஒன்றும் வரவில்லை. ஏசி குளிர் மட்டும் கழுத்தில் பட்டது.

"இல்ல சார்" என்றேன்.

சிமெண்ட் ஊற்றித் துளையை அடைக்க ஐந்து நாள் பிடித்தது. உமைர் திங்கட்கிழமை வந்தான். புதன்கிழமை மாலை பிள்ளை பிறந்தது. பெண். மருத்துவமனையில் ரபியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அவன் கூடவே இருந்தான். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம். அஃப்னா என்று பெயர்.

சேர்மன் கேட்பதற்கு ஒரு நாள் முன்னால் மூடியதற்காக ஞானசேகரனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்தக் கடற்பரப்பையே கம்பெனி திருப்பிக் கொடுத்துவிட்டது. இப்போது எங்களிடம் கிணறு ஒன்றும் இல்லை. குழு இருக்கிறது, செவ்வாய்க்கிழமையும் இருக்கிறது. போன வாரம் பன்னிரண்டாம் மாடியின் குளிர்நிலையை, இருபத்து நாலு டிகிரி என்று, இரண்டாவது வாசிப்பில் ஏற்றுக்கொண்டோம்.

ஏழாம் நாள் பிள்ளைக்கு முடி இறக்கினோம். சொந்தக்காரர்கள் பிரியாணி சாப்பிட்டுப் போனபிறகு, அறையில் ரபியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். உமைர் பிள்ளையை மடியில் வைத்து, அதன் காலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே கேட்டான்.

"மச்சான், அன்னைக்கு மீட்டிங்ல சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"யாரும் காதுல வாங்கல."

அவன் சந்தேகமே படவில்லை. எப்படிப் படுவான்? அவனுக்கும் அந்தக் கம்பெனியைத் தெரியும். என் மின்னஞ்சல் ஒன்பதாவது இடத்தில் கிடந்ததைத் தெரியும், கைப்பிடியைத் தெரியும், நாற்காலியைத் தெரியும். நான் என்ன பொய் சொன்னாலும் அந்தக் கம்பெனி அதை மெய்யாக்கிக் கொடுத்துவிடும். பதினோரு வருஷத்தில் அது எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

ரபியா என்னைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அவங்க எங்க கேக்கப் போறாங்க" என்றான் உமைர். "கடைசி வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாமலே போச்சு பாருங்க, நாப்பத்தொண்ணு. பரவால்ல. நீங்களாச்சும் எனக்காக எந்திரிச்சுச் சொன்னீங்களே மச்சான். அது போதும் எனக்கு."

சொல்லிவிட்டு, கை கழுவ வேண்டும் என்று எழுந்து, பிள்ளையை என்னிடம் நீட்டினான்.

"தலையைத் தாங்கிப் பிடிங்க" என்றான்.

தாங்கிப் பிடித்தேன்.